குமரிக்குப் புதிதாக வருகிறீர்களா? மரியாதைக்கு ஒரு வழிகாட்டி

வங்கி வேலை, ஆசிரியர் பணி, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் படிப்பு, இந்த ஊரில் சம்பந்தம் என்று ஏதோ ஒரு காரணத்துக்காக வடசேரி பேருந்து நிலையத்தில் பெட்டியோடு இறங்குகிறவர்கள், வீடு பார்ப்பது, கேஸ் இணைப்பு வாங்குவது எல்லாவற்றையும் ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுவார்கள். அவர்கள் தடுமாறுவது யாரை எப்படிக் கூப்பிடுவது, எங்கே சட்டையைக் கழற்றுவது, எங்கே தலையை மூடுவது, சாவு வீட்டில் என்ன சொல்லிவிட்டு எழுந்திருப்பது போன்ற விஷயங்களில்தான். இதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தர மாட்டார்கள். தவறினால் யாரும் சண்டைக்கும் வர மாட்டார்கள். ‘ஆளு ஒரு மாதிரி’ என்று மட்டும் ஊருக்குள் பேச்சு போய்விடும். அது தீர வருஷக்கணக்காகும்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் தென்கோடி. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்து மாவட்டம் ஆயின. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் சுமார் 18.7 லட்சம் பேர். அதில் இந்துக்கள் 48 சதவீதத்துக்கு மேல், கிறிஸ்தவர்கள் கிட்டத்தட்ட 47 சதவீதம், முஸ்லிம்கள் 4 சதவீதத்துக்கு மேல். கிழக்கே ஆரல்வாய்மொழிப் பக்கம் பேச்சு நெல்லையை ஒட்டி நிற்கும், மேற்கே களியக்காவிளை போகப் போக மலையாளம் கலக்கும். ஆக, மரியாதைக்கு இங்கே ஒரே சட்டம் கிடையாது. பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் சட்டம் மாறும். நாகர்கோவிலில் பழகியதை அப்படியே மார்த்தாண்டத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.

கூப்பிடும் முறை

சந்தேகம் வந்தால் ‘நீங்க’. வயசு, தொழில், உடுப்பு எதையும் பார்க்க வேண்டாம். மீன் விற்க வரும் அம்மாவுக்கும் ‘நீங்க’, ஆட்டோக்காரத் தம்பிக்கும் ‘நீங்க’. சென்னையிலும் கோவையிலும் இதைத்தானே சொல்கிறோம் என்பீர்கள். சரி, ஆனால் அங்கே ‘நீ’ என்று நழுவினால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள். இங்கே அதே வேகத்தில் ‘நீ’ திரும்பி வரும், அதுவும் நாலு பேர் முன்னால். படிப்பில் முன்னால் நிற்கும் மாவட்டம் இது. கூலிக்கு வருகிறவரின் மகள் நர்சாக வெளிநாட்டில் இருப்பாள். ஆளைப் பார்த்து எடைபோட்டுப் பேசுகிறவர்கள் இங்கே நிறைய அவமானப்பட்டிருக்கிறார்கள்.

‘வாறியளா’, ‘குடிக்கியளா’ என்று முடியும் பேச்சு காதில் விழும். அதுவும் ‘நீங்க’ கணக்குதான். ‘என்ன வேய், எங்க போறீரு?’ என்று நாஞ்சில் நாட்டுப் பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது வேறு ரகம். அந்த ‘நீரு’, ‘நீ’க்கு மேலே, ‘நீங்க’வுக்குக் கீழே. ஒத்த வயசு, நீண்ட பழக்கம், கொஞ்சம் கிண்டல் மூன்றும் சேர்ந்தால்தான் அது வரும். கேட்க ருசியாக இருக்கிறதே என்று வந்த மாதத்திலேயே ‘வேய்’ போட்டால் கேட்கிறவர் முகம் சுருங்கும். ‘லேய்’, ‘ஏட்டி’ இரண்டையும் தொடவே வேண்டாம். கூட்டாளிகளுக்குள் அது கொஞ்சல், வெளியாள் வாயில் அது வசவு.

‘மக்கா’, ‘மக்களே’ மட்டும் விதிவிலக்கு. வழி கேட்டால் கடைக்காரப் பாட்டி, ‘நேரே போ மக்களே’ என்பார். உங்களுக்கு ஐம்பது வயசாக இருந்தாலும் அப்படித்தான். ஒருமையில் சொல்கிறாரே என்று சுள்ளென்று கோபப்படாதீர்கள். அந்தச் சொல் விழுந்தால் உங்களை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். ஆனால் நீங்கள் திருப்பிச் சொல்வதற்கு இன்னும் கொஞ்சம் காலம் இருக்கிறது.

கிழக்கே கடைக்காரர் ‘அண்ணாச்சி’. மேற்கே போனால் ‘அண்ணே’, எல்லையை ஒட்டி ‘சேட்டா’, ‘சேச்சி’யும் உண்டு. அதிகாரிகளையும் ஆசிரியர்களையும் ‘சாரே’ என்று இழுத்துக் கூப்பிடுவார்கள். அந்த ‘ஏ’யில் கேலி எதுவும் இல்லை. தாத்தாவை ‘பாட்டா’ என்பார்கள். தெரியாத பெரியவரையும் அப்படியே கூப்பிடலாம். அண்ணன் மனைவி ‘மைனி’. இந்த ஊரில் பெண் எடுத்திருந்தால் முதல் நாளிலேயே உறவுப் பட்டியலை மனைவியிடம் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். யார் மாமா, யார் சித்தப்பா என்று தெரியாமல் எல்லோரையும் ‘அங்கிள்’ ஆக்குகிற மாப்பிள்ளையைப் பற்றிச் சமையல்கட்டில் பேச்சு ஓடும்.

ஒரு இடத்தில் எல்லோரும் சறுக்குவார்கள். ‘ஐயர் வந்திருக்காரு, எந்திரிங்க’ என்று பக்கத்து வீட்டில் பரபரப்பார்கள். பஞ்சாங்கத்தோடு யாரோ வருகிறார் என்று நினைத்தால், வெள்ளை அங்கியோடு சிஎஸ்ஐ சபைப் போதகர் உள்ளே வருவார். இங்கே அவர்தான் ஐயர். கத்தோலிக்கக் குருவை ‘ஃபாதர்’ என்பார்கள், பழைய ஆட்கள் ‘சாமி’ என்பார்கள். ‘கோயிலுக்குப் போறேன்’ என்று கடற்கரை ஊரில் ஒருவர் சொன்னால் அது பெரும்பாலும் தேவாலயம். எந்தக் கோயில் என்று கேட்பதில் குற்றமில்லை, ‘நீங்க கிறிஸ்டியனா?’ என்று ஆச்சரியப்படாமல் இருந்தால் போதும்.

வேட்டியை இறக்குவது

இங்கே பாதி மரியாதை வாயில் இல்லை, முழங்காலுக்குக் கீழே இருக்கிறது.

மாலை ஆறு மணிக்கு ஏதாவது ஒரு சாயாக்கடை முன்னால் நின்று பாருங்கள். நாலைந்து பேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். சாரம் என்றால் லுங்கி. ஒரு கையில் கண்ணாடித் தம்ளர், பேச்சு தேர்தலிலோ ரப்பர் விலையிலோ இருக்கும். பழைய வாத்தியார் ஒருவர் குடையை ஊன்றிக்கொண்டு அந்தப் பக்கம் வருவார். பேச்சு நிற்காது, யாரும் கும்பிடவும் மாட்டார்கள். ஆனால் ஒருவர் இடது கையால் மடிப்பை லேசாகத் தட்டிவிடுவார், சாரம் சரசரவென்று கணுக்காலுக்கு இறங்கும். அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று இறங்கிக்கொண்டே வரும். வாத்தியார் தலையை ஒரு தடவை ஆட்டிவிட்டுப் போவார். அவர் வளைவைத் தாண்டியதும் எல்லாச் சாரமும் மறுபடி மேலே ஏறும். பேச்சு ரப்பர் விலையிலேயே இருக்கும். இவ்வளவுதான். கண் இமைக்கும் நேரம்.

ஆகவே வேட்டியோ சாரமோ கட்டுகிறவராக இருந்தால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். பெரியவர் எதிரே வரும்போதும், கோயில் வாசலிலும், சவ ஊர்வலம் கடக்கும்போதும், பிறர் வீட்டுப் படி ஏறும்போதும் மடிப்பை இறக்குங்கள். பேண்ட் போடுகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை, எழுந்து நின்றாலே போதும்.

ஆனால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இறக்காதவரைப் பார்த்து ‘மரியாதை தெரியாதா?’ என்று கேட்டுவிடாதீர்கள். முக்கியமாக, அதிகாரியாக வருகிறவர்கள். இந்த மண்ணில் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கசப்பு இருக்கிறது. திருவிதாங்கூர் காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதி ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கட்டக் கூடாது, தலைப்பாகை கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது. தோளில் துவர்த்து, அதாவது துண்டு, போட்டுக்கொண்டு மேல்சாதிக்காரர் முன் நிற்கக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. மரியாதை என்ற பெயரில்தான் இதெல்லாம் வசூலிக்கப்பட்டது. தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நடந்து, 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜா நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று பிரகடனம் போட்டார். அதிலும், மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக் கூடாது என்று ஒரு வால் வைத்தார்கள். ஆலயப் பிரவேசப் பிரகடனம் வர 1936 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பத்து வருஷம் முன்பே சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே சத்தியாக்கிரகம் நடந்தது.

இதைப் பாட்டியும் பாட்டாவும் சொல்லக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் உங்கள் அலுவலகத்திலும் உங்கள் தெருவிலும் இருக்கின்றன. அவர்களாகக் கொடுக்கும் மரியாதை தாராளமாக வரும். கேட்டு வாங்கப் பார்த்தால் ஒரு பைசாவுக்குக் கிடைக்காது. கைகட்டி நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் மேலாளர் இந்த மாவட்டத்தில் ஆறு மாதம் நிம்மதியாக இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சட்டையைக் கழற்றும் இடம், தலையை மூடும் இடம்

விருந்தாளிகளை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப் போவீர்கள். ஒரே நாளில் நாலு இடம் போனால் நாலு விதமாக உடுக்க வேண்டிவரும். எனவே காரில் ஒரு வேட்டி, ஒரு துவர்த்து, பெண்களுக்கு ஒரு துப்பட்டா எப்போதும் கிடக்கட்டும்.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலிலும் கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயிலிலும் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலிலும் இதே கேரள முறைதான். வேட்டி கட்டிப் போனால் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். சட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள், தோளில் மாலை மாதிரி தொங்கவிட வேண்டாம். சுசீந்திரத்தில் இசைத்தூண்கள் உண்டு. தட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

சுசீந்திரத்திலிருந்து கொஞ்ச தூரம்தான் சாமித்தோப்பு, அய்யா வைகுண்டரின் தலைமைப்பதி, அதாவது அவர் வழி நடப்பவர்களின் முதன்மை வழிபாட்டிடம். இங்கேயும் ஆண்களுக்குச் சட்டை கூடாது. ஆனால் தலையில் துண்டைத் தலைப்பாகையாகக் கட்ட வேண்டும். சுசீந்திரத்தில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு நடை ஏறினால் தப்பு, இங்கே கட்டாமல் ஏறினால் தப்பு. காரணம் நீங்கள் மேலே படித்ததுதான். தலைப்பாகை மறுக்கப்பட்ட மக்களைப் பார்த்து, கட்டிக்கொண்டு கடவுள் முன்னால் நில்லுங்கள் என்றவர் வைகுண்டர் (1809–1851). உள்ளே சிலை கிடையாது, கண்ணாடிதான். நெற்றியில் நாமம் இடுவார்கள், குனிந்து வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரிக்கிணற்றில் நீர் விட்டுக்கொண்டு போவது வழக்கம். எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் சேர்ந்து குளித்த இடம் அது. ‘அய்யா உண்டு’ என்று ஒருவர் உங்களிடம் சொன்னால் அதையே திருப்பிச் சொல்லலாம். இது கோயிலா, இந்து மதமா, தனி வழியா என்ற வாதத்தை அங்கே நின்று ஆரம்பிக்காதீர்கள். அதில் அவர்களுக்குள்ளேயே வேறு வேறு கருத்து உண்டு.

தக்கலையில் ஞானி பீர்முகம்மது அப்பா தர்கா. தமிழ் படித்தவர்கள் அவருடைய பாடல்களுக்காகவே தெரிந்து வைத்திருக்க வேண்டிய பெயர். ஆண்டு விழாவில் அவருடைய ஞானப்புகழ்ச்சியை இரவெல்லாம் கூடி உட்கார்ந்து பாடுவார்கள். உள்ளே போகும்போது தலையில் தொப்பியோ கைக்குட்டையோ போட்டுக்கொள்ளுங்கள், சட்டை உடம்பில் இருக்கட்டும். பெண்கள் எதுவரை போகலாம் என்று வாசலில் இருப்பவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

தேவாலயத்தில் ஆண்கள் தலையில் எதுவும் வைக்கக் கூடாது, பெண்கள் முக்காடு போடுவார்கள். செருப்பைப் பற்றி ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். வாசலில் செருப்பு குவிந்து கிடந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள். பல ஆலயங்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். குடும்பமாகப் போனால் கடைசி வரிசை பத்திரம். திருப்பலியில் நற்செய்தி வாசிக்கும்போது எல்லோரும் எழுவார்கள், கூடவே எழுந்து நில்லுங்கள். நற்கருணைக்கு வரிசை போகும்போது மட்டும் கூட்டத்தோடு போய் நிற்காதீர்கள். அது பிரசாதம் என்று நினைத்துப் போய்க் கை நீட்டுகிறவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள். குரு உங்களைச் சங்கடப்படுத்த விரும்ப மாட்டார், உங்களால் அவருக்குத்தான் சங்கடம். நாற்சந்தியில் நிற்கும் குருசடியை, அதாவது சிலுவை வைத்த சிறு கோயிலை, கடக்கும்போது மக்கள் நெஞ்சில் சிலுவை போடுவார்கள். நீங்கள் போட வேண்டியதில்லை, அதன் படியில் உட்கார்ந்து சிகரெட் பிடிக்காமல் இருந்தால் போதும்.

சுற்றுலா இடங்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. விவேகானந்தர் பாறையில் செருப்பைக் கழற்றி வைக்க வேண்டும். தியான மண்டபத்தில் பேசக் கூடாது என்றால் கிசுகிசுக்கவும் கூடாது. பத்மநாபபுரம் அரண்மனையிலும் செருப்பு வெளியேதான். அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரள அரசிடம். திங்கட்கிழமை பூட்டியிருக்கும், அன்று போய்க் காவலரிடம் கோபப்பட்டுப் பயனில்லை.

மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து-கிறிஸ்தவக் கலவரத்தை இங்கே நடுவயதுக்கு மேலானவர்கள் யாரும் மறக்கவில்லை. பேசிக்கொள்ளவும் மாட்டார்கள். அதனால் ஒலிபெருக்கிச் சத்தம், புதிதாகக் கட்டும் கோபுரம், மதமாற்றம் போன்றவற்றைப் பற்றி வெளியூர்க்காரர் கருத்துச் சொல்வதை யாரும் ரசிக்க மாட்டார்கள். வாட்ஸ்அப் குழுவிலும்தான். கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கேக் வரும், பெருநாளுக்குப் பிரியாணி வரும். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்குப் போனால்

‘வாங்க, இரிங்க’ என்பார்கள். உட்காருங்கள் என்று அர்த்தம். சாயா வேண்டாம் என்று ஒரேயடியாக மறுக்காதீர்கள். ‘இப்பதான் குடிச்சேன், வெள்ளம் போதும்’ என்றால் புரிந்துகொள்வார்கள். மேற்கே வெள்ளம் என்பது குடிக்கிற தண்ணீர், ஆற்றில் வருவது இல்லை. கத்தோலிக்க வீடுகளில் அந்தி நேரத்தில் குடும்பமாக ஜெபமாலை சொல்வார்கள். அந்த நேரத்தில் போய்விட்டால் திண்ணையில் சத்தமில்லாமல் இருங்கள். ஜெபம் முடிந்ததும் பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்து ‘ஸ்தோத்திரம்’ என்பார்கள், உங்களுக்கும் ஒன்று கிடைக்கலாம். சிரித்துக் கைகூப்பினால் போதும்.

‘எந்த ஊரு, எந்தத் தெரு, எந்தச் சபை?’ என்று தோண்டித் தோண்டிக் கேட்பார்கள் சிலர். சாதியைக் கண்டுபிடிக்கிற வேலைதான், வேறொன்றும் இல்லை. எனக்கு இது பிடிக்காது. ஊர்ப் பெயரைச் சொல்லி வேறு பேச்சுக்குத் தாவிவிடுவது என் வழக்கம். எதிராளியிடம் நீங்கள் அதைக் கேட்காதீர்கள், பெயரை வைத்து ஊகித்துப் பேசவும் செய்யாதீர்கள். ஒரே சாதியில் ஒரே குடும்பத்தில் இந்துவும் கிறிஸ்தவரும் இருக்கும் மாவட்டம் இது. ஊகம் அநேகமாகத் தப்பும்.

துட்டி வீடு

கல்யாணத்துக்குப் போகாததை மன்னிப்பார்கள். சாவுக்குப் போகாததை மன்னிக்க மாட்டார்கள். ஆகவே அலுவலகத்திலோ தெருவிலோ ஒரு மரணம் என்றால், அவரைச் சரியாகத் தெரியாவிட்டாலும் போய்விடுங்கள். கிறிஸ்தவர் வீடு என்றால் ஆலய மணி அடிக்கும் விதத்திலேயே ஊருக்குத் தெரிந்துவிடும். பூமாலை வாங்குவதா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும்.

போனதும் நேரே உள்ளே போய் உடலருகே ஒரு நிமிஷம் நில்லுங்கள். செருப்பை வெளியே விடுங்கள், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்குங்கள். அழுகிறவர்களிடம் ‘எப்படி ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு செலவு’ என்று விசாரிக்க வேண்டாம். அதை வெளியே பந்தலில் உட்கார்ந்திருக்கும் உறவினர் ஒருவர் தானாகவே சொல்வார், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பார். மூத்த மகனின் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் அமருங்கள். பேச்சு வராதே என்று கவலைப்பட வேண்டாம், அங்கே பேசுகிறவரைவிடச் சும்மா இருக்கிறவருக்குத்தான் மதிப்பு.

கிளம்பும்போது ‘வரேன்’ சொல்லக் கூடாது. இது தமிழ்நாடு முழுக்க உள்ளதுதான். தலையை ஆட்டிவிட்டு எழுந்துவிடுங்கள். அடக்க ஆராதனைக்கோ திருப்பலிக்கோ நேரம் சொல்லியிருந்தால் அதற்கும் நின்றுவிட்டுப் போவது நல்லது. கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிடி மண் போடச் சொல்வார்கள், மதம் பார்க்காமல் போடலாம். இந்து வீட்டில் எலும்பு பொறுக்கும் சஞ்சயனம், அப்புறம் பதினாறாம் நாள் காரியமான அடியந்திரம் என்று சொல்லி அனுப்புவார்கள். அடியந்திரத்துக்குக் கூப்பிட்டால் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். அந்தச் சாப்பாடு இறந்தவருக்காகப் போடுவது.

கல்யாணப் பந்தி

இது சுலபம், சாப்பாட்டைப் பார்த்தாலே வழி தெரியும். அவியல், எரிசேரி, துவரன் என்று தொடுகறிகள் இலையின் மேல் பாதியில் வரிசையாக விழும். எல்லாம் பரிமாறி, பருப்பும் நெய்யும் வந்து, பக்கத்தில் இருக்கும் மூத்தவர் கை வைத்த பின் ஆரம்பியுங்கள். பாயசத்தை இலையிலேயே ஊற்றுவார்கள். தம்ளர் கேட்டால் தருவார்கள், ஆனால் ‘வெளியூர்’ என்று முகத்தில் எழுதியாகிவிடும். இலையில் ஓடும் பாயசத்தைக் கையால் வளைத்துப் பிடிக்கக் கற்றுக்கொள்ள ரெண்டு கல்யாணம் போதும், அதுவரை சட்டையில் கொஞ்சம் சிந்தட்டும். பாயசம் வந்துவிட்டதே என்று எழுந்துவிடாதீர்கள், அதற்கு அப்புறமும் மோருக்குச் சோறு வரும். முடிந்ததும் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள். பந்தியில் பாதியில் எழுவதும், வரிசை முடியும் முன்னால் கை கழுவ ஓடுவதும் இன்னும் பழைய ஆட்களின் கண்ணை உறுத்தும்.

கிறிஸ்தவத் திருமணம் என்றால் ஆலயத்துக்கும் வாருங்கள். நேரே மண்டபத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு உறையைக் கொடுத்துத் திரும்புகிறவரைப் பெண் வீட்டார் கவனிப்பார்கள்.

அலுவலகமும் மனுவும்

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனு எழுதும்போது அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற வரிசையும் ‘உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்’ என்ற விளிப்பும் போதும். ‘தங்கள் பொற்பாதம் பணிந்து’ வகையறா வேண்டாம். அதைப் படித்துவிட்டுக் குமாஸ்தாவே சிரிப்பார். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் நர்சுகளும் மாலுமிகளும் இங்கே தெருவுக்கு ரெண்டு பேர் இருப்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளிக்கூடத்து விடுப்புக் கடிதத்தில் ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று எழுதிப் பழகியதை லண்டன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதீர்கள். அங்கே ‘டியர்’ போட்டு ஆளின் பெயரை எழுதுவதுதான் மரியாதை. பெயர் தெரியாவிட்டால் ‘டியர் சார் ஆர் மேடம்’.

அரசு அலுவலகக் கவுண்டரில் இருக்கும் அம்மாவை ‘மேடம்’ என்றால் வேலை நடக்கும், ‘அக்கா’ என்றால் சில நாள் வேகமாக நடக்கும், சில நாள் நின்றுபோகும். முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பள்ளிக்கூடத்தில் மட்டும் ‘டீச்சர்’ தவிர வேறெதுவும் வேண்டாம். ஓய்வு பெற்று இருபது வருஷம் ஆனாலும் அவர் டீச்சர்தான், சந்தையிலும்.

நாள்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டியவை

நவம்பர் 1, மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாள், உள்ளூர் விடுமுறை. டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் திருவிழாவின் கடைசி நாள், அதற்கும் விடுமுறை. மாசி 20, அய்யா வைகுண்டர் அவதார தினம், நாகர்கோவிலிலிருந்து சாமித்தோப்புக்கு ஊர்வலம் போகும். இந்த நாட்களில் கூட்டம் வைக்காதீர்கள், வீட்டில் கொத்தனார் வேலைக்கு ஆள் சொல்லாதீர்கள். கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான், பெரும்பாலும் வள்ளம் கடலில் இறங்காது. மீனுக்கு அன்று அலைய வேண்டாம்.

நவராத்திரிக்கு முன்னால் ஒரு நாள் தக்கலைப் பக்கம் சாலை அப்படியே நின்றுவிடும். சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை, வேளிமலைக் குமாரசுவாமி, பத்மநாபபுரத்து சரஸ்வதி மூன்று தெய்வங்களும் நவராத்திரி விழாவுக்குத் திருவனந்தபுரம் கிளம்பும் நாள் அது. சரஸ்வதி யானை மேல், மற்ற இருவர் பல்லக்கில். அரண்மனையில் உடைவாள் கை மாறும். துப்பாக்கி ஏந்திய இரண்டு மாநிலப் போலீசாரும் அணிவகுத்து மரியாதை செய்வார்கள். முதல் இரவு குழித்துறையில் தங்கல், அடுத்தது நெய்யாற்றின்கரை, பிறகு தலைநகர். வழியெல்லாம் வீட்டு வாசலில் தட்டு வைத்து மக்கள் காத்திருப்பார்கள். பைக்கில் போகிறவர் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி நில்லுங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், யானைக்கும் பிடிக்காது. அன்று திருவனந்தபுரத்தில் விமானமோ ரயிலோ பிடிக்க வேண்டியிருந்தால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள், இல்லையென்றால் நாகர்கோவில் சந்திப்பிலிருந்து ரயிலில் போங்கள்.